சந்நிதியிலிருந்து கதிர்காமம்: பையில் என்ன, எவ்வளவு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வைகாசி பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான்: "அண்ணை, இந்த முறை நாங்களும் நடக்கப் போறம். என்னென்ன கொண்டு போறது?" யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காம முருகன் கோயில் வரைக்கும், பாதயாத்திரையின் முழு வழியும் ஒரு தடவை நடந்தவன் நான். கிழக்குக் கரையில் ஊர் முடியும் உகந்தைக்குப் பிறகு வரும் காட்டுவழியை மட்டும் இன்னும் மூன்று தடவை நடந்திருக்கிறேன். ஒரே பதிலை ஆளாளுக்குச் சொல்லிக் களைத்துப் போனதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். விரதம், நேர்த்தி பற்றிக் கேட்கச் சாமிமார் இருக்கிறார்கள். இது பையும் சோறும் தண்ணீரும் பற்றியது.

ஒன்றரை மாத நடை எண்டுகினம். ஒன்றரை மாதத்துக்கும் சாமான் கட்ட வேணுமோ?

வேண்டாம். பார்க்க ஒரு பயணம் போலத் தெரிந்தாலும் இது இரண்டு பயணம். சந்நிதியில் தொடங்கி வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று உகந்தை வரைக்கும் ஊர் ஊராகத்தான் போகிறீர்கள். கோயில் மடத்திலும் வீட்டு வாசலிலும் மறித்து மறித்துச் சோறு போடுவார்கள். நான் முழு வழி நடந்த ஆண்டு உகந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது உடம்பு இளைக்கவில்லை, ஒரு கிலோ கூடியிருந்தது.

உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் கதிர்காமம் வரைக்கும் கடை இல்லை. குமண பூங்கா, குமுக்கனாறு, அதற்கப்பால் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று ஐந்து, ஆறு நாள். சாமான் கட்டுவது அந்த ஆறு நாளுக்குத்தான். அரிசி பருப்பை யாழ்ப்பாணத்திலிருந்து சுமக்காதீர்கள், பொத்துவிலில் வாங்கலாம். காட்டுப்பாதை ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதும் இல்லை. ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாள்தான் திறப்பார்கள். அந்த ஆண்டுக்கான தேதியை அறிந்துகொண்டு பஸ் ஏறுங்கள்.

பை எத்தினை கிலோ இருக்கலாம்?

தண்ணீரையும் சேர்த்து உங்கள் நிறையில் ஐந்தில் ஒன்று. அறுபது கிலோ ஆளுக்கு 12 கிலோ. முழங்கால் நோவோ வயதோ இருந்தால் 9 கிலோவோடு நிறுத்துங்கள். என்னுடைய கணக்கு இப்படி: தண்ணீர் 4 கிலோ, ஆறு நாள் சாப்பாடு மூன்றரைக் கிலோ. மிச்சம் நாலரைக் கிலோவுக்குள் பை, படுக்கை, உடுப்பு, சட்டி, மருந்து எல்லாம் அடங்க வேண்டும்.

முதல் முறை என் பையைப் பொத்துவிலில் ஒரு பலசரக்குக் கடையின் அரிசித் தராசில் தூக்கி வைத்தேன். 17 கிலோ. அப்போது என் நிறை 58. கடைக்கார நானா பையையும் பார்த்து என்னையும் பார்த்து, "தம்பி, கதிர்காமத்துல கடை போடப் போறீங்களா?" என்றார். உள்ளே தடித்த போர்வை, இரண்டு துவாய், பால்மாப் பெட்டி, இரண்டு கிலோ சீனி, ஒரு இரும்புத் தாச்சி. தாச்சியை அம்மா வைத்துவிட்டிருந்தா. உகந்தை மடத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர்களிடம் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்கினேன். அந்தத் தாச்சி இப்போதும் அங்கே கிடக்கலாம்.

நல்ல பை வாங்கக் காசில்லை. ஸ்கூல் பாக் காணுமோ? உரப்பையைத் தலையில வைச்சுக்கொண்டு போகலாமோ?

பையின் விலை முக்கியமில்லை, இடுப்புப் பட்டி முக்கியம். பட்டியை இறுக்கினால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். இரண்டாம் நாள் நீங்கள் நடப்பதும் நொண்டுவதும் அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடப் பைக்கு அது கிடையாது. நான் ஒரு பழைய பையைத் தையல்காரரிடம் கொடுத்து நாலு விரல் அகலத்தில் பட்டி போடுவித்தேன். தோள்வாருக்குள் பழைய சாரத் துண்டை மடித்து வைத்துத் தைத்தார். மூன்று முறை போய் வந்துவிட்டது.

உரப்பையைத் தலையில் வைத்து நடக்கும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பழக்கம். உங்களுக்கும் எனக்கும் கழுத்துப் பிடிக்கும், முள்மரக் கிளையில் கொழுவும். அடுக்கும் முறை: படுக்கை அடியில், அரிசியும் தண்ணீரும் முதுகோடு ஒட்டி நடுவில், உடுப்பு வெளிப்பக்கம், நடக்கும்போது தேவைப்படுவது மேலே. பாரம் முதுகை விட்டு வெளியே தள்ளினால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் கூனுவீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வேணும்? ரெண்டு லீற்றர் காணாதோ?

வீட்டில் காணும். யூலையில் குமணக் காட்டில் காணாது. எங்கள் ஊரில் சோளகம் வீசும் அதே மாதங்களில் கிழக்கில் கச்சான் காற்று வீசும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வரும் காய்ந்த காற்று அது. வியர்வை தோலில் நிற்காமலே உலர்ந்துவிடும். வியர்க்கவில்லை, ஆகவே தாகமில்லை என்று நினைப்பீர்கள். பின்னேரம் தலையிடிக்கும்போதுதான் தெரியும். குடிக்க மட்டும் ஒருவருக்கு 4 லீற்றர், சமையலுக்கு இன்னொன்று.

சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம் என்றால் சரி. தேத்தண்ணி நிறமென்றால் நிழலில் இருந்து குடித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். தண்ணீரைச் சேமிப்பதாக நினைத்துப் போத்தலோடு மயங்கி விழுந்த ஒருவரை என் கண்ணால் கண்டிருக்கிறேன். போத்தலில் ஒரு லீற்றருக்கு மேல் இருந்தது.

அதற்காக வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. வியர்வையோடு உப்பும் போகிறது. ஜீவனிப் பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்) ஆளுக்கு ஐந்தாறு வைத்திருங்கள். தீர்ந்துபோனால் ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு அளவை மட்டும் கூட்டாதீர்கள்.

பெரிய கானாக் கொண்டு போறதோ, போத்தல் போத்தலாக் கொண்டு போறதோ?

ஐந்து லீற்றர் கான் ஒன்று ஓட்டையானால் எல்லாம் போச்சு. ஒரு லீற்றர் போத்தல் நாலு நல்லது. இரண்டு பக்கமும் சமமாக வைக்கலாம், ஒன்றில் சுத்தம் செய்யாத தண்ணீர் எடுத்தால் மற்றவை கெடாது. தடித்த, திரும்பத் திரும்பப் பாவிக்கும் போத்தலாக இருக்கட்டும். ஒருமுறை குடித்துவிட்டு எறியும் போத்தலையும் பொலித்தீனையும் பூங்காவுக்குள் கொண்டு போகக் கூடாது. அரிசி பருப்பையும் துணிப்பையில் கட்டிவிடுங்கள்.

ஐந்தாவதாக மடிக்கக்கூடிய வெற்றுக் கான் ஒன்று இருந்தால் தங்குமிடத்தில் சமையல் தண்ணீர் அள்ள உதவும். பகலில் அதை நிரப்பிக்கொண்டு நடக்காதீர்கள்.

வழியில தண்ணி வைப்பினமாமே. பிறகேன் சுமக்கிறான்?

சில இடங்களில் தாங்கி வைத்து நிரப்புவார்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் போகும் நேரம் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்திருக்க வேண்டும், உங்களுக்கு முன்னால் போன ஐந்நூறு பேர் மிச்சம் விட்டிருக்க வேண்டும். இருந்தால் புண்ணியம், இல்லாவிட்டால் கையிலுள்ள 4 லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். ஒரு தண்ணீர் இடத்தைக் கண்டால், அரைப் போத்தல்தான் குறைந்திருந்தாலும் நிரப்பிவிட்டுத்தான் நகர வேண்டும்.

ஆத்துத் தண்ணி, குளத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ? எங்கட ஆச்சி தேத்தாங்கொட்டை உரசிப் போட்டால் காணும் எண்டவ.

ஆச்சி சொன்னதில் பாதி சரி. தேற்றாங்கொட்டையைச் சட்டிக்குள் உரசிவிட்டால் கலங்கல் அடியில் படியும், தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளியும். ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. யானையும் எருமையும் இறங்கும் குளத்தில் வயிற்றோட்டக் கிருமியும் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம், கொட்டைக்கு அவை சாகாது. ஆகவே முதலில் தெளிய வைத்து, நாலாக மடித்த துணியில் வடித்து, பிறகு கொதிக்க வையுங்கள். குமிழி புரண்டு கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் போதும். குளோரீன் மாத்திரை என்றால் உறையில் போட்ட அளவுப்படி போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, அதனால்தான் வடிப்பது முதலில்.

ஆற்றில் எடுப்பதென்றால் ஓடும் தண்ணீருக்குள் இறங்காமல், கரையோர மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டுங்கள். முதல் ஊறும் கலங்கலை இறைத்து வெளியே விட்டால் அடுத்து வருவது மணலில் வடிந்து வரும். அதையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். ஆழமான மடுவுக்குப் பக்கத்தில் குந்தாதீர்கள். குமுக்கனாற்றிலும் மாணிக்க கங்கையிலும் முதலை உண்டு.

மாத்திரை போட்டால் தண்ணி மணக்குது. தேசிக்காய் விடலாமோ? உவர்த்தண்ணிக்கும் மாத்திரை காணுமோ?

தேசிக்காய் விடலாம், ஆனால் அரை மணி நேரம் முடிந்த பிறகு. முன்னதாக விட்டால் மருந்தின் வேலை கெட்டுவிடும். மூடியைத் திறந்து காற்றாட வைத்தாலும் மணம் குறையும்.

உவர் வேறு கதை. யாழ்ப்பாணத்தானுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் ஒவ்வொரு ஆண்டும் யாரோ கேட்கிறார்கள். மாத்திரையோ வடித்தலோ உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி உவர் இன்னும் கூடும். களப்போரத்துக் கிணற்றில் நாக்கில் கரித்தால் கால் கழுவுங்கள், குடிக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன கட்டுறது? கணக்காச் சொல்லுங்கோ.

ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 300 கிராம், மைசூர்ப் பருப்பு 75 கிராம், சமைக்காமல் கொறிப்பதற்கு 150 கிராம். ஆறு நாளுக்கு மூன்று கிலோவும் கொஞ்சமும். உப்பு, தூள், செத்தல் மிளகாய், புளி, சின்ன வெங்காயம், சின்னப் போத்தலில் நல்லெண்ணெய் சேர்த்தால் மேலே சொன்ன மூன்றரை வரும். பருப்பில் மைசூர்ப் பருப்பையே எடுங்கள். கடலையும் கௌபியும் வேகும் நேரத்துக்கு விறகும் தண்ணீரும் போய்விடும். சோயா மீற் பாரமில்லாதது, ஊறினால் பெருகும், கறியாகிவிடும்.

தேங்காய் வேண்டாம், பாரம். தேங்காய்ப்பூ போட்ட சம்பலும் வேண்டாம், அடுத்த நாளே புளித்துவிடும். மோர்மிளகாயும் தேசிக்காய் ஊறுகாயும் கெடாது. மூன்றாம் நாள் சோற்றைப் பார்க்கவே பிடிக்காமல் வரும்போது ஒரு துண்டு ஊறுகாய்தான் அதை இறக்கும்.

புழுக்கொடியலும் பனங்கட்டியும் கட்டிக்கொண்டு போனால் சமைக்கவே தேவையில்லை எண்டு அப்பப்பா சொல்லுறார். சரியோ?

அப்பப்பாவுக்கு நல்ல பல்லுப் போல. பொத்துவிலில் கிடைக்காதது, இங்கிருந்து கொண்டு போக வேண்டியது என்றால் இவைதான்: புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), குட்டான் பனங்கட்டி, பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), எள்ளுப்பாகு, பொரிவிளாங்காய். பாரம் குறைவு, நாள்பட நிற்கும். குட்டானுக்கு ஓலையே உறை என்பதால் பொலித்தீன் பிரச்சினையும் இல்லை. ஆனால் புழுக்கொடியல் முழுக்க நார், தண்ணீர் கேட்கும். வெறும் புழுக்கொடியலில் ஆறு நாள் ஓட்டினால் வயிறு கல்லாகிவிடும். நடக்கும்போது வாயில் ஒதுக்கிக்கொள்ள நல்லது, சோற்றுக்குப் பதிலாக அல்ல. மாவாக இடித்துக்கொண்டு போய்ப் பனங்கட்டியோடு குழைத்தால் பல்லில்லாதவர்களும் சாப்பிடலாம்.

காலையில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்பவர்களுக்கு அவலும் சமபோஷ சத்துமாவும் இருக்கின்றன. அவலில் இரவே சுத்தமான தண்ணீரைத் தெளித்து மூடி வைத்தால் விடியப் பனங்கட்டியோடு சரி. பனங்கட்டிக்கு எறும்பு வரும். குட்டானை ரின்னுக்குள் வையுங்கள்.

அடுப்பு, நெருப்பு என்ன மாதிரி? சின்ன காஸ் குக்கர் கொண்டு போகட்டோ?

ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு அலுமினியச் சட்டி, ஒரு அகப்பை, ஆளுக்கொரு கோப்பை. அது போதும், காஸ் வீண் பாரம். கீழே விழுந்து காய்ந்த சுள்ளி எடுத்து மூன்று கல்லில் மூட்டலாம். கச்சான் காற்று பற்றி மேலே சொன்னேன். அந்தக் காற்றில் ஒரு பொறி புல்லுவெட்டையில் விழுந்தால் அணைக்க உங்களிடம் தண்ணீர் இல்லை. வெட்டையில் மூட்டாதீர்கள், ஆற்றுமணலில் மூட்டுங்கள். எழும்பிப் போகும்போது சாம்பலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் மணலைக் கிளறி மூடுங்கள்.

வெறுங்காலோட நடக்கிறதுதான் முறையாம். செருப்புப் போட்டால் குற்றமோ?

அதை முருகனிடம் கேளுங்கள். சரக்குக் கணக்கில் எனக்குத் தெரிந்தது: பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும், முள் எந்த நேரமும் குத்தும். ஊரிலேயே வெறுங்காலோடு திரிபவரின் பாதம் தாங்கும். அலுவலகத்தில் சப்பாத்தோடு இருப்பவரின் பாதம் தாங்காது. குதிக்காலில் பட்டி வைத்த, பழகித் தேய்ந்த செருப்பே நல்லது. புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்கே நடக்கத் தொடங்குபவருக்குக் கொப்புளம் நிச்சயம். வெறுங்காலோடு நடக்க நேர்த்தி வைத்தவர்களும் ஒரு சோடியைப் பையில் வைத்திருங்கள்.

ரெண்ட் தேவையோ? வானத்தைப் பாத்துக்கொண்டு படுக்கத்தானே போறம்.

மழைக்குத் தேவையில்லை. பாம்புக்குத் தேவை. எண்ணெய் விரியன் இரவில் திரியும், நிலத்தில் படுத்திருப்பவரைப் பாயிலேயே கடித்துவிட்டுப் போகும். கடி நோகாது, விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் வரும்போதுதான் தெரியும். சிப் வைத்து மூடும் சின்னக் கூடாரம், அல்லது நுளம்புவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட வேண்டும். கீழே ஒரு தறப்பாள், மேலே ஒரு சாரம், வேறு படுக்கை வேண்டாம்.

கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் தடியோடு சேர்த்துக் கட்டி, ஆளை நடக்க விடாமல், பக்கத்திலுள்ள படையினருக்கோ வனசீவராசிகள் அலுவலருக்கோ அறிவியுங்கள். ஆஸ்பத்திரி மட்டுமே வழி.

எனக்குச் சீனி வருத்தம், பிறசரும் இருக்கு. குளிசையோட நடக்கலாமோ?

நடக்கலாமா என்பதை உங்கள் கிளினிக் டொக்டர் சொல்ல வேண்டும், நான் அல்ல. அவர் சம்மதித்தால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, நாள் முழுக்க நடக்கும்போது மருந்தின் அளவைக் குறைப்பதா என்பது. குளிசை பத்து நாளுக்கு எடுங்கள், இரண்டாகப் பிரித்துப் பாதியைக் கூட நடப்பவரின் பையில் வையுங்கள். இன்சுலின் என்றால் ஈரத்துணி சுற்றி, காற்றுப் படும்படி பையின் நிழல் பக்கம் தொங்கவிடலாம். பையின் அடியில் வைத்தால் வெந்துவிடும். மேலே நான் சொன்ன பனங்கட்டி உங்கள் மடியில் கட்டாயம் ஒரு துண்டு இருக்கட்டும், சீனி திடீரென்று இறங்கினால் அதுதான் மருந்து.

அம்மாவுக்கு 68 வயது. அவவின்ர பையை நானே தூக்கலாம்தானே?

தூக்குங்கள், தண்ணீர்ப் போத்தலைத் தவிர. கூட்டம் புறப்படும்போது ஒன்றாகத்தான் புறப்படும். இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு இழுபட்டுவிடும். மகன் முன்னால், தண்ணீர் மகனிடம், அம்மா பின்னால் என்று ஆகிவிடும். சின்னப்பிள்ளைக்கும் இதே சட்டம்: அவரவர் போத்தல் அவரவர் தோளில், அதோடு ஒரு விசில்.

யானை சாப்பாட்டு மணத்துக்கு வருமோ?

வரும். வாழைப்பழம், அன்னாசி, பலாப்பழம் மூன்றையும் காட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். உப்பு மூட்டைக்கும் மூக்கு நீளும். இரவில் சாப்பாட்டுப் பையைத் தலைமாட்டில் வைக்காமல், எல்லாருடையதையும் சேர்த்து ஆட்கள் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். குரங்குக்குப் பகலில் காவல் வேண்டும், அது யானையை விட மோசம்.

பாதை முழுக்க மானும் பன்றியுமாம். ஒரு சின்னக் கண்ணி கொண்டு போனால் கறிக்குப் பிரச்சினை இல்லைத்தானே?

இதைக் கேட்டவர் பகிடிக்குக் கேட்டார் என்றே நினைத்துக்கொள்கிறேன். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, தேசியப் பூங்காவில் முயலைப் பிடித்தாலும் நீதிமன்றம். அதற்கு முன்னால் கூட வரும் சாமிமாரே உங்களை உகந்தைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரோச், போன் சார்ஜ் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?

தலையில் மாட்டும் ரோச் ஒன்று, மாற்று பற்றறி ஒரு சோடி. போனை நிறுத்தியே வையுங்கள், பெரும்பாலான இடத்தில் சிக்னல் இல்லை. சிக்னல் தேடித் தேடியே அதன் பற்றறி இறங்கும்.

கதிர்காமம் போய்ச் சேர்ந்த பிறகு மிச்சச் சாமானை என்ன செய்யிறது?

அரிசி பருப்பு மிஞ்சினால் அங்கே அன்னதானம் கொடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். வெற்றுப் போத்தலை மாணிக்க கங்கைக் கரையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு, குளித்துவிட்டு நிழலில் இருந்து பையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆறு நாளும் கை படாமல் கிடந்தது எது என்று எழுதிக்கொள்ளுங்கள். மருந்துப் பையைத் தவிர, அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் அடுத்த ஆண்டு வரக்கூடாது. என்னுடைய முதல் ஆண்டுப் பட்டியலில் பதினொரு சாமான். போன முறை ஒன்றே ஒன்று: குடை.